முந்நூறு பக்கத்தில் இடமில்லாத சமையல் மாஸ்டர்

டிஸ்கி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெறியர்கள் கல்லெறிவதாக இருந்தால், தயவுசெய்து கடைசி பாரா வரைக்கும் படித்துவிட்டு எறியவும். கல் எங்கேயும் ஓடிவிடாது.

போன வாரம் மெஸ்ஸில் ஒரு சண்டை. மெஸ்ஸில் சண்டை என்றால் வழக்கமாக சாம்பாருக்காகத்தான் இருக்கும். இந்தத் தடவை ரிசஸுக்காக. "அதெல்லாம் ஒரு கேமே இல்லப்பா. நாலு பக்கத்துல என்ன ரூல்ஸ் இருக்கப் போகுது? சும்மா காமெடி பண்ணிட்டு எழுந்து போறதுக்கு எதுக்கு டைஸ்?" என்றார் ஒரு சீனியர். மேஜையில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த நிமிஷம் பதில் வரவில்லை. வாயில் தோசை இருந்தது. ரூமுக்கு வந்து படுத்த பிறகுதான் பதில்கள் எல்லாம் வரிசைகட்டி வந்தன. நமக்கு எப்பவும் அப்படித்தானே! அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில், இது என்ன ஏது என்று தெரியாத கிளாஸ்மேட்களுக்காக ஒரு நிமிஷம். ரோல்பிளேயிங் கேம் என்பது மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிப் பேசியே ஒரு கதையை ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். பஸ்ஸுக்குக் கண்டக்டர் மாதிரி, அவரை நடத்துனர் என்றே வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இந்த வகை விளையாட்டை 1974இல் முதலில் அச்சுப்போட்டு விற்றது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதியது. இன்றைக்கும் அதுதான் ராஜா. இந்த விளையாட்டு என்றாலே அதுதான் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும்.

எங்கள் ஹாஸ்டலிலும் அதுதான் ராஜா. சீனியர்கள் செட் ஒன்று இரண்டு செமஸ்டராக ஆடிக்கொண்டிருந்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஆடுபவர்களுக்கான புத்தகம் மட்டும் 320 பக்கம். நடத்துனருக்கு ஒன்று, பூதங்களுக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு தடிப்புத்தகங்கள். (2024இல் வந்த புதுப் பதிப்பில் ஆடுபவர்கள் புத்தகம் 384 பக்கம். குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தீர்களா?) என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் என் நண்பன் ஒருத்தனை இழுத்துக்கொண்டு போனேன். பேர் வேண்டாம். பின்னால் வரும் காரணத்துக்காக அவனை மாஸ்டர் என்றே கூப்பிடுவோம்.

மாஸ்டர் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவன் கதை சொல்ல ஆரம்பித்தால் எங்கள் விங் முழுக்க அவன் ரூமில்தான் இருக்கும். அவன் அப்பாவுக்குக் கல்யாணச் சமையல். லீவில் இவனும் கூடப் போவான். ஆயிரம் பேர் பந்தியில் பாயசம் தீர்ந்துபோன கதையை அவன் சொன்னால் துப்பறியும் நாவல் தோற்றுப்போகும். இந்த விளையாட்டுக்கென்றே பிறந்தவன் என்று நினைத்துத்தான் கூட்டிப்போனேன்.

அவனுக்கு ஃபைட்டர் கொடுத்தார்கள். "புதுசா வர்றவங்களுக்கு அதான் ஈஸி." முதல் சண்டை வந்தது. பகடை உருட்டி வரிசை போட்டார்கள், இவன் முறை வந்தது. உற்சாகமாக எழுந்து நின்றான். "காயத்தைத் துணியால இறுக்கிக் கட்டிக்கறேன், ஒருத்தனை வெட்டறேன், அப்படியே மேஜையைத் தூக்கி மத்தவன் மேல கவுத்துடறேன்!" நல்ல சீன் இல்லையா? மேஜை மொத்தமும் அமைதி. அப்புறம் திருத்த ஆரம்பித்தார்கள். காயத்தைச் சரிபண்ணுவது போனஸ் ஆக்‌ஷன். வெட்டுவது ஆக்‌ஷன். மேஜையைக் கவிழ்ப்பது இன்னொரு ஆக்‌ஷன், அது உனக்கு இல்லை. ஒரே முறையில் இரண்டு ஆக்‌ஷன் வேண்டுமென்றால் ஆக்‌ஷன் சர்ஜ் வேண்டும், அது இரண்டாம் லெவலில்தான் வரும், நீ முதல் லெவல். "புக்கைப் படிச்சிட்டு வாப்பா."

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னது எல்லாம் விதிப்படி சரியும்கூட. ஆனால் அதற்கப்புறம் மாஸ்டர் எழுந்து நிற்கவில்லை. அவன் முறை வரும்போதெல்லாம் "வெட்டறேன்" என்று ஒரே வார்த்தை. மூன்றாவது வாரம் தலைவலி என்றான். நாலாவது வாரம் நான் கூப்பிடவே இல்லை. அந்த மேஜையில் அவனுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஊரைத் திட்டும்போது நம்மையும் சேர்த்துத் திட்டினால்தான் நியாயம்.

இனி ரிசஸ்.

எஸ். ஜான் ராஸ் என்பவர் 1993இல் எழுதியது. லத்தீனில் ரிசஸ் என்றால் சிரிப்பு. இந்த மனிதர் கர்ப்ஸ் என்கிற பிரம்மாண்டமான விதித்தொகுப்புக்குப் புத்தகங்கள் எழுதியவர். கர்ப்ஸ் 1986இல் வந்தது, எந்தக் காலத்துக் கதையையும் ஆடலாம், ஆனால் அதற்குப் புத்தக அலமாரியே வேண்டும். அந்தப் பெயரைக் கிண்டலடித்து, குக்ஸ் என்று இவர் எழுதிய சின்ன விதித்தொகுப்புதான் பின்னால் ரிசஸ் ஆனது. நாலு பக்கமாக இருந்தது, பிறகு ஆறு பக்கம். படங்கள் எல்லாம் குச்சி மனிதர்கள். விலை கிடையாது, இலவசம்.

விதி இவ்வளவுதான். உங்களிடம் பத்துப் பகடைகள். உங்கள் பாத்திரம் என்ன என்பதை 'க்ளிஷே'க்களாக எழுதிக்கொண்டு அந்தப் பத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒன்றுக்கு அதிகபட்சம் நாலு. க்ளிஷே என்றால் என்ன என்று தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? அமெரிக்க மாப்பிள்ளை (4). ஹீரோவின் நண்பன் (3). இடைவேளையில் திருந்தும் அடியாள் (2). பெயரைக் கேட்டதும் அந்த ஆள் என்ன செய்வான், என்ன சட்டை போடுவான், எப்படிப் பேசுவான் என்று மொத்தமும் தெரிந்துவிடுகிறது பாருங்கள், அதுதான்.

ஏதாவது செய்ய வேண்டுமா? பொருத்தமான க்ளிஷேவின் பகடைகளை உருட்டிக் கூட்டுங்கள். சாதாரண ஆளுக்குச் சவாலான காரியத்துக்கு 5 வந்தால் போதும். தொழில் தெரிந்தவனுக்கே சவால் என்றால் 10. வீரதீரம் என்றால் 15. 10 எடுக்க இரண்டு பகடைக்காரனுக்கு ஆறில் ஒரு பங்குதான் வாய்ப்பு. மூன்று பகடைக்கு 62.5 சதவீதம். நாலு பகடைக்கு 90. (ப்ராபபிலிட்டி பேப்பரில் அரியர் வைத்தவன் கணக்கு என்று நினைக்க வேண்டாம், மூன்று தடவை சரிபார்த்தேன்.) ஆக, நாலு போட்டிருப்பவன் அந்த வேலையில் நிஜமாகவே கெட்டிக்காரன். ஒற்றைப் பகடைக்காரனால் 10 எடுக்கவே முடியாது. நாலு பக்கத்தில் என்ன இருக்கப் போகிறது என்று கேட்டவர்களே, இது இருக்கிறது.

எல்லாம் ஆறு முகப் பகடை. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று தேடி ஆர்டர் போட வேண்டாம். நாங்கள் மூன்று ரூம் லூடோ பெட்டிகளைக் கவிழ்த்து ஆடினோம். இதிலும் ரிசஸ் முதல் ஆள் இல்லை. 1975இலேயே கென் செயின்ட் ஆண்ட்ரே தன் டனல்ஸ் அண்ட் ட்ரால்ஸை, கடையில் கிடைக்கும் சாதாரணப் பகடையை வைத்து ஆடும்படிதான் எழுதினார். பாத்திரத்தின் திறமையைச் சொந்த வார்த்தையில் எழுதும் வேலையையும் 1992இல் ஜோனதன் ட்வீட்டின் ஓவர் தி எட்ஜ் செய்துவிட்டது. ராஸ் இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து நாலு பக்கத்துக்குள் மடித்தார்.

சரி, அன்றைய ராத்திரிக்கு வருவோம். ஸ்டடி ஹாலிடேஸ், கரண்ட் கட். எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் ஐந்து பேர். நான் நடத்துனர். விதிகளைத் தமிழிலேயே சொன்னேன், பத்து நிமிஷம் ஆனது. இடம்: சென்னையிலிருந்து மதுரை போகிற ஆம்னி பஸ், விழுப்புரம் தாண்டி நட்ட நடு ராத்திரியில் ரிப்பேர். "நீங்க எல்லாரும் பாசஞ்சர். யார் யார்னு எழுதுங்க."

மாஸ்டர் பேனாவை வாங்கி ஒரு நிமிஷம் யோசித்தான். "எதை வேணா எழுதலாமா?" என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் எழுதினான்:

கல்யாண சமையல் மாஸ்டர் (4)
கல்யாண வீட்டில் பாக்கிப் பணம் வசூலிப்பவர் (3)
எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றச் செயலாளர் (2)
சைக்கிளில் ஊர் சுற்றியவர் (2)

கூட்டினால் பதினொன்று வரும். பத்துதானே என்று கேட்காதீர்கள். ரிசஸில் 'கொக்கி' என்று ஒன்று உண்டு. உங்கள் பாத்திரத்தை மாட்டிவைக்கும் ஒரு பலவீனத்தை நீங்களே எழுதிக்கொடுத்தால் ஒரு பகடை கூடுதல். அவன் எழுதிய கொக்கி: யாராவது பசிக்குது என்றால் விட்டுவிட்டுப் போக முடியாது.

கதை போகப் போக, பஸ் ஓனர் கந்துவட்டிக்காரனிடம் மாட்டியிருப்பதும், பஸ்ஸைத் தூக்க அடியாட்கள் வருவதும் தெரிந்தது. மற்ற எல்லோரும் வயல் வழியாகத் தப்பித்துப் போகிற திட்டத்தில் இருந்தார்கள். நான் நடத்துனர் புத்தியைக் காட்டினேன். "பின் சீட்ல ஒரு சின்னப் பொண்ணு, சாயங்காலத்துலேர்ந்து சாப்பிடலைன்னு அழுவுது." மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தான். "பாவி" என்றான். அப்புறம், "நான் வரல. அடுப்பு மூட்டறேன்."

ஆனால் பாத்திரம் பண்டம் எல்லாம் பஸ் டிக்கியில் பூட்டிக்கிடக்கிறது. ரிசஸில் தொழில் கருவி இல்லாவிட்டால் பாதிப் பகடைதான். கரண்டி இல்லாத மாஸ்டருக்கு நாலு இல்லை, இரண்டு. சாவி டிரைவரிடம், அவரோ தூக்கத்தில். இவன் எந்தக் க்ளிஷேவை எடுத்தான் தெரியுமா? பாக்கி வசூலிப்பவரை. காலை மூணு மணிக்கு மண்டபத்தில் பெண்ணின் மாமாவை எழுப்பிப் பணம் வாங்குவது எப்படி என்று நடித்தே காட்டினான். இலக்கு 10. மூன்று பகடை, 12. சாவி வந்துவிட்டது.

அடியாட்கள் வந்தார்கள். கூட்டமாக வரும் அடியாட்களை ஒரே க்ளிஷேவாக வைத்துக்கொள்ளலாம். கந்துவட்டி அடியாட்கள் (5). இங்கேதான் ரிசஸின் மிக அழகான விதி வருகிறது. சண்டையில் இரண்டு பக்கமும் உருட்ட, குறைவாக வந்தவர் ஒரு பகடையை இழப்பார். ஆனால் சம்பந்தமே இல்லாத ஒரு க்ளிஷேவை வைத்துக்கொண்டு, அது எப்படிச் செல்லும் என்று மேஜையில் எல்லோரும் ஏற்கும்படி விவரித்து ஜெயித்தால், எதிராளிக்கு ஒன்றல்ல, மூன்று பகடை காலி.

மாஸ்டர் எழுந்து நின்றான். டி அண்ட் டி மேஜையில் மேஜையைக் கவிழ்க்க நின்ற அதே மாதிரி. "அடிக்க வர்றாங்கல்ல? நான் திரும்பிக்கூடப் பாக்கல. 'யோவ், நின்னுக்கிட்டு என்ன பாக்குற? அண்டாவைப் பிடி! நீ வெங்காயம் உரி! டேய் சிவப்புச் சட்டை, விறகு!' ஆயிரம் பேர் சமையலை நடத்தற குரல்ல. அந்தக் குரலைக் கேட்டா கை தானா வேலை செய்யும். எங்கப்பா குரல் அது."

நாலுக்கு எதிராக ஐந்து. ஜெயிக்க நாலில் ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. அவனுக்கு 19 விழுந்தது, அடியாட்களுக்கு 16. ஐந்து இரண்டானது. அடுத்த சுற்றில் "உப்பு பாரு" என்று ஒருவன் வாயில் கரண்டியை நீட்டினான். 15க்கு 9. முடிந்தது. தோற்றவர் கதி என்ன என்பதை ஜெயித்தவர் தீர்மானிக்கலாம் என்பது விதி. "யாரையும் அடிக்க வேணாம். எல்லாரும் பந்தியில உக்காரட்டும். பாப்பாக்கு முதல்ல போடு" என்றான்.

ரூமில் விசில். அன்றிலிருந்துதான் அவன் மாஸ்டர்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். அன்றைக்கு மெஸ்ஸில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில்.

"டி அண்ட் டியிலேயும் சமையல்காரன் ஆகலாமே!" ஆகலாம். தெரியும். 2014 புத்தகத்தில் பின்னணிகள் 13. அதில் கைவினைஞர் சங்கத்து ஆள் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு பொற்காசுக்குச் சமையல் பாத்திரங்களையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது உங்கள் பாத்திரத்தின் ஓரத்தில் எழுதப்பட்ட குறிப்பு. நடுவில் இருப்பது அந்த 12 வகுப்புகளில் ஒன்றுதான்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி, இப்படி. கத்தி உருவப்பட்டதும் கரண்டியை உள்ளே வைத்துவிட வேண்டும். ரிசஸில் சமையல் மாஸ்டர் (4) என்பதும் மாவீரன் (4) என்பதும் ஒரே எடை. இது சின்ன வித்தியாசம் இல்லை. யாருடைய வாழ்க்கை விளையாட்டின் நடுவில் நிற்கும், யாருடையது ஓரத்தில் நிற்கும் என்பதை அச்சடித்த பட்டியல் முடிவு செய்கிறதா, அல்லது பேனா பிடித்திருப்பவன் முடிவு செய்கிறானா என்பது. அந்தப் பட்டியலை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் படித்த கதைகளிலிருந்து எழுதினார்கள். நாம் வேறு கதை கேட்டு வளர்ந்தோம், அவ்வளவுதான்.

"எல்லாத்துக்கும் பொருந்தற ரூல்ஸ் எதுக்கும் பொருந்தாது." இது கொஞ்சம் கனமான வாதம். விதிகள்தான் ஆட்டத்தின் குணத்தைத் தீர்மானிக்கின்றன என்று ரான் எட்வர்ட்ஸ் என்பவர் நெடுநாள் வாதாடியவர். தி ஃபோர்ஜ் என்ற இணையதளத்தைக் கூடத் தொடங்கி, 2012இல் அது மூடப்படும் வரை ஒரு தலைமுறை இண்டி விளையாட்டுகளையே அந்த வாதத்தை ஒட்டி வளர்த்தார். அதை நான் மறுக்கவே இல்லை. வின்சென்ட் பேக்கர் 2004இல் எழுதிய டாக்ஸ் இன் தி வைன்யார்ட் மாதிரி, ஒரே ஒரு விஷயத்துக்காகத் தைத்த சட்டைகள் அருமையானவை. ஆனால் விதிதான் ஆட்டம் என்பது உண்மையானால், அது என் கட்சி! சம்பந்தமில்லாத திறமைக்கு மூன்று மடங்கு பலன் என்ற ஒரே விதி அன்றைக்கு என்ன செய்தது என்று பார்த்தீர்களே. கூச்சப்படுகிறவனை எழுந்து நிற்கச் சொன்னது. கோணலாக யோசிக்கிறவனுக்குக் கூலி கொடுத்தது. பொருந்தாததுக்கே பரிசு தருகிற விதித்தொகுப்பைப் பார்த்து, அதற்கென்று ஒரு குணம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

"வெறும் காமெடி." ஆமாம், காமெடிதான். ராஸே அதை முதலில் நகைச்சுவைக்கென்றுதான் சொல்கிறார், மூளை களைத்துப்போன ராத்திரிகளுக்கு என்கிறார். ஆனால், எங்கப்பா குரல் அது என்று ஒருவன் சொன்னபோது ரூமில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடம் என்று நம்பித்தான் மனுஷன் சிலதை வெளியே எடுக்கிறான்.

"அப்போ காசுதான் உங்க பிரச்சினையா? பேசிக் ரூல்ஸ் ஃப்ரீதானே?" நியாயமான கேள்வி. 2014இலிருந்தே அடிப்படை விதிகள் இலவசம். 2023 ஜனவரியில் உரிம விவகாரத்தில் பெரிய ரகளை நடந்து, விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் பின்வாங்கி, விதிகளின் மூலப்பகுதியைக் கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுவிட்டது. ஒரு புத்தகம் அமெரிக்காவில் 49.95 டாலருக்கு வந்தது என்பதும், எங்களில் யாரும் அதை வாங்கும் நிலையில் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் மாஸ்டர் காசு இல்லாமல் எழுந்து போகவில்லை. சீனியர்கள் புத்தகத்தை இரவல் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். 320 பக்க ஆங்கிலத்தைப் படித்துவிட்டு வந்தால்தான் வாயைத் திறக்கலாம் என்ற நிலைதான் அவனை அனுப்பியது. பிராக்டிகல்ஸ், ரெக்கார்ட், அரியர் எல்லாம் போக மீதி நேரத்தில், விளையாடுவதற்கும் ஒரு நுழைவுத் தேர்வா?

இப்போது என் பக்கத்து ஓட்டைகள். மறைத்தால் சீனியர்கள் விட மாட்டார்கள்.

முதல் ஓட்டை பெரியது. சண்டையில் தோற்றவர் பகடையை இழப்பதால், ஒரு தடவை சறுக்கினால் அடுத்த தடவை சறுக்க வாய்ப்பு இன்னும் அதிகம். மூன்று பகடைக்கு எதிராக இரண்டு என்றால், மூன்று ஜெயிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 78 சதவீதம். இரண்டுக்கு ஒன்று என்றால் 84. சரமாரியாகக் கீழே போகும். இன்னொரு நாள் இருவரையும் நாலு நாலு பகடையில் மோதவிட்டு ஒரு சீரியஸ் கதை ஆடிப் பார்த்தோம். முதல் உருட்டலில் சறுக்கியவன் கடைசி வரை எழவே இல்லை. க்ளைமாக்ஸ் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டாவது ஓட்டை: எவனாவது ஒருத்தன் 'எல்லாம் தெரிந்தவன் (4)' என்று எழுதுவான். எங்கள் செட்டிலும் எழுதினான். புத்தகம் தடுக்காது, மேஜையில் இருப்பவர்கள்தான் "டேய், போடா" என்று சொல்ல வேண்டும். அதற்கு நட்பு வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது தடிப்புத்தகம் ஒரு நடுவர் மாதிரி நிற்கும், அது பெரிய சௌகரியம். ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது: ஒரு வருஷம் நீடிக்கிற நெடுங்கதைக்கு இது தாங்குமா என்றால், நாங்கள் ஆறு ராத்திரிக்கு மேல் ஆடியதில்லை. பாத்திரம் லெவல் லெவலாக ஏறுகிற அந்த ருசி டி அண்ட் டியில்தான் இருக்கிறது. அதனால்தான் வியாழக்கிழமைகளில் நான் இன்னமும் சீனியர்கள் மேஜைக்குப் போகிறேன். என் மந்திரவாதி ஏழாம் லெவல். அவனைக் கைவிட மாட்டேன் :-)

ஆக, எந்த விளையாட்டு உசத்தி என்பது என் வழக்கே இல்லை. "அது கேமே இல்லை" என்ற அந்த ஒரு வாக்கியத்தோடுதான் என் சண்டை. விதி கூடினால்தான் விளையாட்டு, புத்தகம் தடிமனானால்தான் அறிவு, கஷ்டப்பட்டு உள்ளே வந்தவனுக்குத்தான் நாற்காலி என்ற அந்த நினைப்பு இருக்கிறதே, அதை நாம் மேஜையில் மட்டும் வைத்திருக்கவில்லை. செமினாரில் தப்பான இங்கிலீஷில் நல்ல கேள்வி கேட்பவனைப் பார்த்துச் சிரிக்கும்போதும் அதே நினைப்புதான். அவன் அடுத்த தடவை கை தூக்குவதில்லை. "வெட்டறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

மெஸ்ஸில் அந்தச் சண்டை நடந்தபோது மாஸ்டரும் இருந்தான். ஒன்றும் பேசவில்லை. சீனியர் தட்டு கழுவப் போனபோது பின்னாலேயே போய், "அண்ணா, சனிக்கிழமை ராத்திரி நான் நடத்தறேன். ஒரு கல்யாண மண்டபம், ரெண்டு சம்பந்தி, பாயசம் தீர்ந்துபோச்சு. வர்றீங்களா?" என்று கேட்டான்.

சீனியர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எல்ஃப் ஆகலாமா?" என்றார்.

"தாராளமா ஆகலாண்ணா. எல்ஃப் எந்த வீட்டு சொந்தம்னு மட்டும் எழுதிக் குடுங்க."

சனிக்கிழமை ஒன்பதரைக்கு. லூடோ பெட்டி வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வரவும்.

பி.கு: ஒன்பதரை என்றால் ஒன்பதரை. போன தடவை மாதிரி பத்தேகாலுக்கு வந்து "கதை என்னடா ஆச்சு" என்று கேட்பவர்கள் வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கும்.